பின்வரிசை மங்கல், பீச்சில் வெளுப்பு, மண்டபத்தில் மினுக்கல்: லென்ஸைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

முகூர்த்த நாட்கள் முடிந்த கையோடு "லென்ஸ் போச்சு" என்று பழுதுபார்க்கும் கடைக்கு வரும் கேமரா லென்ஸ்களில் பலவற்றுக்கு ஒரு கோளாறும் இருக்காது. அப்பெர்ச்சர் எண்ணை, அதாவது லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லும் எஃப் எண்ணைத் (எண் பெரிதானால் துளை சிறிதாகும்) தவறாக வைத்திருப்பார்கள், அல்லது கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் குணம் பிடிபட்டிருக்காது. இன்னொரு பக்கம், அந்தத் துளையைத் திறந்து மூடும் மெல்லிய இலைகள் உண்மையிலேயே ஒட்டிக்கொண்ட லென்ஸை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவை) திட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. எது எது என்று பிரிக்க ஒரு வெறும் சுவர் போதும்.

கீழே வரும் தூரக் கணக்கெல்லாம் க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவுக்கானது. ஃபுல் ஃப்ரேமில் எண்கள் மாறும், பார்க்கும் முறை மாறாது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சுவர்ச் சோதனை

வெயில் நேரடியாக விழாத, திறந்தவெளியில் இருக்கும் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலை பத்து மணிக்கு மேல், மேகம் ஓடாத நேரமாகப் பாருங்கள். ட்யூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் செய்தால் முடிவு செல்லாது. காரணம் பின்னால் வருகிறது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடுக்கு மாற்றி, ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்து ஐஎஸ்ஓ 400 வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். 18-55 கிட் லென்ஸ் என்றால் 55-ல் நிறுத்துங்கள். பிறகு வரிசையாக:

எஃப் 5.6 – 1/500
எஃப் 8 – 1/250
எஃப் 11 – 1/125
எஃப் 16 – 1/60
எஃப் 22 – 1/30

துளை ஒரு ஸ்டாப் குறுகினால் ஒளி பாதியாகும். ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்கி அதை ஈடுகட்டுகிறோம். ஆகவே ஐந்து படமும் ஒரே பிரகாசத்தில் வர வேண்டும். ஐந்துமே சேர்ந்தாற்போல் இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை 800 ஆக்கியும், வெளுத்து வந்தால் 200 ஆக்கியும் மறுபடி எடுங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு எஃப் 2 – 1/4000, எஃப் 2.8 – 1/2000, எஃப் 4 – 1/1000 ஆகிய மூன்றையும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். துளை முழுதாகத் திறந்திருக்கும்போது ஓரங்கள் சற்று இருண்டே வரும், அது லென்ஸின் இயல்பு. நடுப்பகுதியை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

ஐந்தும் ஒன்றுபோல் இருந்தால் இலைகள் சரியாக வேலை செய்கின்றன, கோளாறு செட்டிங்கில்தான். முதல் படம் சரியாக வந்து, அடுத்தடுத்த படங்கள் வெளுத்துக்கொண்டே போனால் இலைகள் சொன்ன அளவுக்கு மூடவில்லை. முதல் படம் இருண்டு, எஃப் 16 பக்கம் போகப் போகச் சரியானால் இலைகள் மூடிய நிலையில் சிக்கியிருக்கின்றன. முதல் படம் எடுத்துவிட்டு எஃப் 8-ல் எர்ரர் காட்டினால் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: குரூப் போட்டோவில் முன்வரிசை தெளிவு, பின்வரிசை மங்கல்

கல்யாண ஆல்பத்தில் அதிகம் பார்க்கிற குறை இது. படத்தைக் கேமரா திரையில் முழுதாகப் பெரிதாக்கி, முன்வரிசையில் ஒரு கண், பின்வரிசையில் ஒரு கண் என்று பாருங்கள்.

### முன்வரிசை கூர்மை, பின்வரிசை மட்டும் மங்கல்

துளை அகலம் போதாமல் இல்லை, அதிகமாகிவிட்டது. 50 மி.மீ. லென்ஸில் 3 மீட்டர் தள்ளி நின்றால், எஃப் 1.8-ல் தெளிவாக வரும் ஆழம் மொத்தமே சுமார் 26 செ.மீ. ஒரு வரிசைக்குக்கூட இழுபறிதான். எஃப் 5.6-ல் அது சுமார் 80 செ.மீ. ஆகிறது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: அந்த 80 முழுதும் ஃபோகஸ் வைத்த இடத்துக்குப் பின்னால் கிடைப்பதில்லை. முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் மிஞ்சுவது சுமார் 47 செ.மீ. மட்டுமே, மீதி முன்னால் வெற்றிடத்தில் வீணாகிறது. எஃப் 8-க்குப் போனால் பின்னால் 70 செ.மீ. கிடைக்கும். உட்கார்ந்த வரிசை ஒன்று, நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் வரிசை ஒன்று என்றால் எஃப் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால்" என்று பலர் சொல்லும் கணக்கு இந்தத் தூரத்துக்குப் பொருந்தாது. மூன்று மீட்டரில் அது ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான். ஆகவே மூன்று வரிசை என்றால் நடுவரிசையில் ஃபோகஸ், எஃப் 8, இன்னும் ஒரு மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். 4 மீட்டரில் அதே எஃப் 8 சுமார் 2 மீட்டர் ஆழம் தரும். காசு செலவில்லாத தீர்வு பின்னால் நகர்வதுதான். மேடைக்கு எதிரே முதல் வரிசை நாற்காலிகளை எடுக்கச் சொல்லத் தயங்குவதால்தான் பாதிப் படம் கெடுகிறது.

### நடுவில் தெளிவு, வரிசையின் இரு ஓரமும் மங்கல்

சொந்தக்காரர்களைப் பிறை வடிவில் நிறுத்தியிருப்பீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஃபோகஸ் தளம் சுவர் போலத் தட்டையானது. ஓரத்தில் நிற்கும் அத்தையும் மாமாவும் அந்தத் தளத்தைத் தாண்டி முன்னால் வந்துவிடுகிறார்கள். வரிசையை நேராக்குங்கள். நேராக்கியும் ஒரே ஓரம் மட்டும், எஃப் 8-லும், எப்போதும் அதே பக்கம் மங்கினால் லென்ஸ் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸில் இது வழக்கம். வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, சர்வீஸுக்குத்தான்.

### எல்லா முகமும் ஒரே திசையில் இழுபட்ட மாதிரி

இது டெப்த் (தெளிவாக வரும் ஆழம்) பிரச்சினையே இல்லை, கை ஆட்டம். எஃப் 2.8-லிருந்து எஃப் 8-க்குப் போனால் ஒளி எட்டில் ஒன்றாகிவிடும். ஆட்டோவில் விட்டால் கேமரா ஷட்டரை 1/15 வரை இறக்கிவிடும். குரூப்புக்கு 1/100-க்குக் கீழே போகாதீர்கள். மண்டபத்தில் எஃப் 2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600 என்று ஓடிக்கொண்டிருந்தால், எஃப் 8-க்கு ஐஎஸ்ஓ 12800 கேட்கும். அதைவிட வெள்ளை ஃபால்ஸ் சீலிங்கில் ஃப்ளாஷை அடித்துத் திருப்புவது மேல். சீலிங்கில் கலர் பெயின்ட் அடித்திருந்தால் அந்தக் கலர் எல்லார் முகத்திலும் ஏறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பின்னணி மங்கவே மாட்டேன் என்கிறது

புதுச்சேரி ஒயிட் டவுன் மஞ்சள் சுவரில் சாய்ந்து நிற்கும் படம்தான் உதாரணம். சுவரில் சாய்ந்து நின்றால் எஃப் 1.4-கூட அந்தச் சுவரை மங்கவைக்காது. ஆளைச் சுவரிலிருந்து மூன்று நான்கு மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள், நீங்கள் ஒன்றரை மீட்டருக்குள் நெருங்குங்கள். கிட் லென்ஸை 18-ல் வைத்து எடுத்துக்கொண்டிருந்தால் 55-க்குத் திருப்புங்கள். எஃப் 3.5 எஃப் 5.6 ஆகிவிடுகிறதே என்று கவலை வேண்டாம். பின்னணி மங்க 55-தான் உதவும். இவ்வளவும் செய்து போதவில்லை என்றால்தான் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாங்கியதும் அடுத்த புகார் தயாராக வரும்: ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-ன் ஆழம் 3 செ.மீ.க்கும் குறைவு. முகம் கொஞ்சம் திரும்பினாலே இரு கண்ணும் அதற்குள் அடங்காது. எஃப் 2.8-லிருந்து எஃப் 4 வரை வையுங்கள், கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் ஃபோகஸ் புள்ளியை நீங்களே வையுங்கள்.

போன் கேமராவின் விளம்பரத்தில் எஃப் 1.8 என்று இருப்பதை இதோடு ஒப்பிட வேண்டாம். ஒளி அளவில் அந்த எண் உண்மைதான். ஆனால் சென்சார் சிறியது, லென்ஸின் குவிய நீளம் சில மி.மீ. மட்டுமே, ஆகவே டெப்த் தானாகவே நீளும். போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல் சாஃப்ட்வேர் போடுவது. மல்லிகைச் சரத்தின் ஓரமும் கலைந்த முடியும் வெட்டுப்பட்டு வந்தால் போனில் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

## அறிகுறி: வெளியே எடுத்தால் எல்லாம் வெளுத்துப் போகிறது

### அகலத் துளையில் மட்டும், உச்சி வெயிலில் மட்டும்

கடலூர் சில்வர் பீச்சில் நண்பகல் வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100-ல் எஃப் 16, 1/100 என்பது அடிப்படைக் கணக்கு. எஃப் 1.8-க்கு அது கிட்டத்தட்ட 1/8000 கேட்கும். ஆரம்பநிலைக் கேமராக்கள் பலவும் 1/4000-ல் நின்றுவிடும், ஷட்டர் எண் திரையில் மினுக்கும். அந்த மினுக்கலைக் கவனிக்காமல் எடுத்துக்கொண்டே போவதுதான் தவறு. துளையை எஃப் 2.8-க்குக் குறுக்குங்கள். மங்கிய பின்னணிதான் வேண்டும் என்றால் ஒளியை மூன்று ஸ்டாப் குறைக்கும் கருமையான என்டி 8 ஃபில்டர் மாட்டுங்கள்.

ஃப்ளாஷ் போட்டதும் வெளுக்கிறதா? ஷட்டர் 1/200 பக்கம் பூட்டிக்கொள்ளும். அந்த வெயிலில் 1/200-க்கு எஃப் 11 வேண்டும். நீங்கள் எஃப் 2.8-ல் இருப்பீர்கள். ஹை ஸ்பீடு சிங்க் (அதைவிட வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் எரியும் வசதி) உள்ள ஃப்ளாஷ் என்றால் அதை இயக்குங்கள், இல்லையென்றால் துளையைக் குறுக்குங்கள்.

### அகலத் துளையில் சரி, எஃப் 8, 11-ல் வெளுப்பு

சுவர்ச் சோதனை காட்டிக்கொடுக்கும் உண்மையான கோளாறு இது. எடுக்கும் நொடியில் இலைகள் சட்டென்று மூட வேண்டும். அவை தாமதமாக மூடுகின்றன அல்லது பாதியிலேயே நின்றுவிடுகின்றன. வெயிலில் நிறுத்திய காரில் கேமரா பையை விட்டுப் போனால் உள்ளே கிரீஸ் இளகி, எண்ணெய் இலைகளில் பரவும். பழைய லென்ஸ்களில் அடிக்கடி காண்பது.

பார்க்கும் விதம்: கேனான் டிஎஸ்எல்ஆரில் எம் மோடு, எஃப் 16 வைத்து, டெப்த் பிரிவியூ பொத்தானை (வைத்த எண்ணுக்குத் துளையை மூடிக் காட்டுவது) அழுத்திக்கொண்டு லென்ஸின் முன்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். துளை ஒரே வீச்சில் சுருங்க வேண்டும். நிக்கானின் பழைய எஃப் மவுண்ட் லென்ஸ்களைக் கழற்றினால் பின்னால் சிறிய உலோக நெம்பு ஒன்று தெரியும். விரலால் மெல்லத் தள்ளினால் துளை திறக்கும். விட்டால் டப்பென்று மூட வேண்டும். மெதுவாக ஊர்ந்து மூடினால் எண்ணெய். சட்டென்று மூடியும் படம் வெளுத்தால் நெம்பு வளைந்திருக்கலாம். லென்ஸைச் சாய்வாக அழுத்தி மாட்டும்போது அது வளையும். துளையை மின்சாரத்தால் இயக்கும் ஈ வகை நிக்கான் லென்ஸ்களில் இந்த நெம்பே கிடையாது, தேட வேண்டாம். மிரர்லெஸ்ஸில் எண்ணை மாற்ற மாற்ற முன்னாலிருந்து பார்த்தாலே பல மாடல்களில் இலை அசைவது தெரியும்.

இலைகளின் மேல் ஈரமாக, வானவில் நிறத்தில் பளபளப்பு தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். துணி, பட்ஸ், ஸ்ப்ரே எதுவும் உள்ளே போகக் கூடாது. துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இலைகளில் அடித்து, எண்ணெயைக் கண்ணாடி வரைக்கும் பரப்பிய லென்ஸைக் காப்பாற்றுவது முதல் கோளாறைவிடப் பெரிய வேலை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் ஆகாது. ஜப்பானிய லென்ஸ்களின் திருகுத் தலை வேறு அமைப்பு; தலை தேய்ந்துவிட்டால் மெக்கானிக்கே திணறுவார்.

இலை சுத்தம் செய்யும்வரை வேலை நிற்கக் கூடாதென்றால், துளையை முழுதாகத் திறந்த நிலையிலேயே எடுங்கள். அங்கே இலைகளுக்கு வேலையில்லை.

## அறிகுறி: ஜூம் செய்தால் இருட்டாகிறது

கோளாறு இல்லை. 18-55 எஃப் 3.5-5.6 என்று லென்ஸின் விளிம்பிலேயே எழுதியிருக்கிறது. எம் மோடில் 18-ல் எஃப் 3.5 வைத்துவிட்டு 55-க்குத் திருப்பினால் துளை தானாகவே எஃப் 5.6 ஆகும், வரும் ஒளி இரண்டரை மடங்கு குறையும். தொடக்கத்திலேயே எஃப் 5.6 வைத்துவிட்டால் ஜூம் முழுக்க ஒரே பிரகாசம். வீடியோவில் இது இன்னும் அவசியம்.

புதுச்சேரி பிரொமனாட் கடற்கரையில் சூரியோதயத்துக்கு நிற்கும் ஆள் கருப்பாக வருவதும் இந்தப் பட்டியலில் சேராது. கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் முதுகுக்குப் பின்னால்; ஆளுக்கு ஃப்ளாஷ் போடுங்கள், அல்லது ஆளைத் திருப்பிக் கடலைப் பார்க்க வைத்து எடுங்கள்.

## அறிகுறி: ஒரே இடம், ஒரே செட்டிங், ஆனால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது

முதல் கேள்வி: வெயிலிலும் மாறுகிறதா?

மண்டபத்தில் மட்டும் மாறினால் லைட்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடிகளும் பழைய ட்யூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/500-ல் எடுக்கும்போது அந்த அலையின் ஒரு துண்டு மட்டும் சிக்கும், ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது இருட்டு. 1/100 அல்லது 1/50-க்கு இறங்குங்கள். ஆன்ட்டி ஃப்ளிக்கர் வசதி உள்ள கேமரா என்றால் மெனுவில் அதை இயக்குங்கள். மேடை அலங்காரச் சீரியல் பல்புகள் வேறு வேகத்தில் மினுக்கும். அவற்றுக்கு 1/100-கூட முழுத் தீர்வாகாது.

வெயிலிலும் மாறினால், சுவர்ச் சோதனையில் எஃப் 11, 1/125 என்று ஒரே செட்டிங்கில் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். பத்தில் ஒன்றிரண்டு வெளுத்தால் இலைகள் சில நேரம் மட்டும் சிக்குகின்றன. எண்ணெய் கசிவின் தொடக்கம். டைம்லாப்ஸில் மட்டும் லேசாகத் துடித்தால் அது நல்ல லென்ஸிலும் வரும்: ஒவ்வொரு தடவையும் இலைகள் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கின்றன. துளையை முழுதாகத் திறந்து என்டி ஃபில்டர் போட்டு எடுத்தால் போய்விடும்.

## அறிகுறி: எஃப் 22 வைத்தும் படம் கூர்மையாக இல்லை

எஃப் 22 வைத்ததால்தான். எஃப் 11-ஐத் தாண்டினால் க்ராப் சென்சாரில் ஒளி விளிம்புகளில் வளைந்து படம் முழுக்க மென்மையாகத் தொடங்கும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் முன்னால் இருக்கும் வேரும் தூரத்துக் காடும் சேர்ந்து தெளிவாக வர, 18 மி.மீ., எஃப் 8 வைத்து 2 மீட்டர் தள்ளி ஃபோகஸ் செய்யுங்கள். ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை வந்துவிடும். படகு ஆடும் என்பதால் ஷட்டர் 1/250-க்குக் குறையக் கூடாது.

எஃப் 8-லும் பனி மூடியதுபோல் இருந்தால் முன் கண்ணாடியைப் பாருங்கள். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் கடற்கரைக்குக் கொண்டுவந்த கேமராவில் நீராவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்தால் போதும். நீராவி இல்லாமல் ஒட்டுப்பசையாக இருந்தால் உப்பு. முதலில் ப்ளோவரால் மணலை ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. மணலோடு துடைத்தால் கோட்டிங்கில் கீறல் விழும். உள்ளே சிலந்தி வலை போல நூல்கள் தெரிந்தால் பூஞ்சை, கடையில் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில், டிரை பாக்ஸில் வையுங்கள். இந்தக் கடலோரத்தில் தோல் பைக்குள் மூடி வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

## அறிகுறி: எஃப் 16-ல் வானத்தில் கரும்புள்ளி, எஃப் 2.8-ல் காணோம்

சென்சாரில் தூசி. லென்ஸைத் துடைத்துப் பயனில்லை. ப்ளோவரால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். போகாவிட்டால் சென்சார் க்ளீனிங் கடையில் சொல்லுங்கள்.

## அறிகுறி: எர்ரர் காட்டுகிறது

நிக்கானில் எஃப்ஈஈ என்று வந்தால் செலவே இல்லை. அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய டி வகை லென்ஸ் மாட்டியிருக்கிறீர்கள். வளையத்தை மிகப் பெரிய எண்ணுக்கு, 50 மி.மீ. எஃப் 1.8 டி என்றால் 22-க்குத் திருப்பிப் பூட்டுங்கள். எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோடு மட்டும் தெரிந்தால் லென்ஸைக் கேமரா உணரவில்லை.

கேனானில் எர்ர் 01 என்றால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை. சுவிட்சை அணைத்து, லென்ஸைக் கழற்றி, தங்க நிறத் தொடுமுனைகளை உலர்ந்த மைக்ரோஃபைபரால் துடையுங்கள். பச்சை படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு துணியில் தொட்டுத் துடையுங்கள். அழி ரப்பர் வேண்டாம், துகள் உள்ளே விழும். வேறு லென்ஸ் மாட்டிப் பாருங்கள்: அதிலும் எர்ரர் என்றால் பாடி, வராவிட்டால் லென்ஸ்.

முழுதாகத் திறந்த எண்ணில் எடுக்கிறது, ஒரு ஸ்டாப் குறைத்ததும் எர்ர் 01 என்றால் பெரும்பாலும் அப்பெர்ச்சர் யூனிட்டுக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிளில் (வளையும் பட்டை வயரில்) விரிசல். கேனான் 24-105 எஃப் 4 எல் முதல் பதிப்பில் பேர்போன கோளாறு. வீட்டில் தீராது.

கொடுக்கும் முன் உதிரிபாகம் புதிதா, கழற்றியதா என்று கேட்டு, மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். 18-55 கிட் லென்ஸுக்குச் சொல்லும் தொகை அதே லென்ஸைப் பழையதாக வாங்கும் விலையை நெருங்கினால் பழுதுபார்க்க வேண்டாம். சுவர்ச் சோதனைப் படங்களை மெக்கானிக்குக் காட்ட வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அப்பெர்ச்சர், ஷட்டர் விவரம் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது கார்டோடு கொண்டுபோங்கள். எந்த எண்ணில் தொடங்குகிறது, லென்ஸ் சூடாக இருக்கும்போதா எப்போதுமா என்று ஒரு சீட்டில் எழுதிப் பையில் போட்டுவிடுங்கள்.